வேலூரில் 10:30, டாக்காவில் 11:00: ஒரு மருத்துவ முன்பதிவு முறையின் நேரக் குழப்பம்

இந்த ஆய்வு வேலூரில் உள்ள ஒரு சிறப்புச் சிகிச்சை மையத்தைப் பற்றியது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பெரிய மருத்துவமனை அல்ல. அதை நாடி வருகிற கூட்டத்தில் ஒரு சிறு பகுதி வந்துபோகும் நடுத்தரமான இடம். பெயர் இங்கே தேவையில்லை. முன்பதிவு மென்பொருளை எழுதிய நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. அவர்கள் செய்ததைத்தான் பாதி மென்பொருள் நிறுவனங்கள் செய்கின்றன.

வேலூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு விவரம். காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எதைப் பார்த்தாலும் பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறவர்களோடு, மருத்துவ விசாவில் வங்கதேசத்தவர்களும், விசா தேவைப்படாத நேபாளத்தவர்களும் வருகிறார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் சரளமாக வங்காளம் பேசுவதைக் கேட்டால் வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கும். உள்ளூர்க்காரருக்கு அது பிழைப்பு.

புகார்

மையத்தின் நிர்வாகம் என்னிடம் சொன்ன புகார் ஒரே வரிதான்: “வங்கதேச நோயாளிகள் அரை மணி நேரம் தாமதமாக வருகிறார்கள், காரணம் கேட்டால் சரியான நேரத்துக்குத்தான் வந்தோம் என்று சண்டை போடுகிறார்கள்.”

இதற்கு நிர்வாகம் ஏற்கெனவே ஒரு மருந்தும் கண்டுபிடித்திருந்தது. வங்கதேசப் பாஸ்போர்ட் என்றால் பத்தரை மணி முன்பதிவைப் பத்து மணி என்று பதிவு செய்துவிட வேண்டும். அரை மணி தாமதமாக வந்தாலும் கணக்கு சரியாகிவிடும். இப்படிச் செய்யத் தொடங்கியதிலிருந்து நோயாளிகளில் ஒரு பகுதியினர் சரியாக வந்தார்கள். இன்னொரு பகுதியினர் அரை மணி முன்பே வந்து, மருத்துவர் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கோபப்பட்டார்கள். காரணம் தெரியாமல் கொடுத்த மருந்து அப்படித்தான் வேலை செய்யும். அதைவிடப் பெரிய சேதம் வேறு: பதிவேட்டில் எது உண்மையான நேரம், எது கையால் திருத்திய நேரம் என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விட்டது. பின்னால் எனக்கு அதிக வேலை வைத்தது இதுதான்.

யார் தாமதமாக வந்தார்கள்

வரவேற்பு மேசையில் நீண்ட நாள் அனுபவமுள்ள அக்கா ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விவரத்தில்தான் விஷயம் திறந்தது.

“எல்லா வங்காளிகளும் தாமதமாக வருவதில்லை, சார். முர்ஷிதாபாத்காரர் ஒருவரும் ராஜ்ஷாஹிக்காரர் ஒருவரும் ஒரே லாட்ஜில் தங்கியிருந்தார்கள். முர்ஷிதாபாத்காரர் நேரத்துக்கு வந்துவிட்டார். மற்றவர் அரை மணி கழித்து வந்து, ‘தீதி, இதில் பதினொன்று என்றுதானே போட்டிருக்கிறது’ என்று காகிதத்தை நீட்டினார்.”

“காகிதமா? போனில் காட்டவில்லையா?”

“காகிதம்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அச்சடித்தது.”

முர்ஷிதாபாத் கங்கையின் இந்தியக் கரை, ராஜ்ஷாஹி வங்கதேசக் கரை. மொழியும் சாப்பாடும் ஒன்று. கடிகாரம் மட்டும் வேறு. ராஜ்ஷாஹிக்காரர் ஊரிலிருந்தபடியே மையத்தின் இணையதளத்தில் பத்தரை மணிக்கு முன்பதிவு செய்திருக்கிறார். அவருடைய கணினி அதை “11:00” என்று காட்டியது. வேலூரில் பத்தரை ஆகும்போது வங்கதேசத்தில் மணி பதினொன்று என்பதால் அது தவறான கணக்கு அல்ல. அந்தப் பக்கத்தை அச்சடித்து விசா விண்ணப்பத்தோடு வைத்தார். அதே தாளோடு வேலூர் வந்தார். லாட்ஜ் சுவரிலிருந்த கடிகாரத்தில் பதினொன்று ஆனதும் மையத்துக்கு வந்துவிட்டார். தாளில் “11:00” என்று இருந்ததே ஒழிய, எந்த ஊரின் பதினொன்று என்று எங்கும் இல்லை.

இதைக் கண்டறிவதில் குழப்பம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதே மாதிரி தாளோடு வந்த சிலர் நேரத்துக்கு வந்திருந்தார்கள். அவர்கள் இந்திய சிம் வாங்காதவர்கள். பல போன்கள் மொபைல் நெட்வொர்க் சொல்வதை வைத்தே நேர மண்டலத்தை மாற்றிக்கொள்கின்றன. இணைப்பு கிடைக்காத வங்கதேச சிம்மோடு, லாட்ஜ் வைஃபையில் ஓடிய போன், வேலூரிலும் டாக்கா நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் போனைப் பார்த்துப் பதினொன்றுக்கு வந்தவர், நம் பத்தரைக்குச் சரியாக வந்துவிட்டார். இந்திய சிம் போட்டவர்களின் போன்தான் இந்திய நேரத்துக்கு மாறியது, அவர்கள்தான் தாமதமானார்கள். ஊருக்கு ஏற்றபடி ஒழுங்காகக் கடிகாரத்தை மாற்றிக்கொண்டவர் தண்டனை பெற்றார் என்பது இதில் வேடிக்கை.

ஒரே நேரம், இரண்டு காட்சிகள்

இணையதளம் பார்ப்பவரின் கருவி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றிக் காட்டியது. வாட்ஸ்அப் நினைவூட்டலோ சர்வரிலேயே இந்திய நேரத்தில் எழுதப்பட்டுச் சென்றது. இரண்டிலும் ஊர்ப் பெயர் இல்லை. ஆகவே ஒரே முன்பதிவு ஒரு வங்கதேச நோயாளிக்கு இணையதளத்தில் 11:00 என்றும் வாட்ஸ்அப்பில் 10:30 என்றும் வந்தது.

எது சரி? நேரில் வருகிறவர் என்றால் வாட்ஸ்அப் சரி, இணையதளம் தவறு. வீட்டிலிருந்தபடி வீடியோவில் மருத்துவரைப் பார்க்கிறவர் என்றால் இணையதளம் சரி, வாட்ஸ்அப் தவறு. நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. மென்பொருள் நிறுவனத்தினர் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, இரண்டும் சரி என்று சான்றளித்திருந்தார்கள். சோதித்தவர்கள் அனைவரும் சென்னையில் இருந்தவர்கள். அங்கே இரண்டும் 10:30தான்.

வீடியோ ஆலோசனையில் விளைவு இன்னும் மோசம். வாட்ஸ்அப்பை நம்பிய டாக்கா நோயாளி தன் கடிகாரத்தில் பத்தரைக்கு இணைந்து காத்திருக்கிறார். வேலூரில் அப்போது மணி பத்து. பொறுமை உள்ளவர் அரை மணி காத்திருந்து மருத்துவரைப் பார்க்கிறார். மற்றவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். பதிவேட்டில் அவர் “வரவில்லை” என்று பதிவாகிறது.

நேபாளத்தினர் பற்றி ஒரு புகாரும் வரவில்லை என்பதைக் கவனித்தேன். காட்மாண்டு நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம்தான் முன்னால். அதே பிழை அவர்களையும் பிடித்திருந்தது. ஆனால் வேலூர் மருத்துவமனை வாசலில் 15 நிமிடத்தை யாரும் தாமதம் என்று கணக்கில் வைப்பதில்லை.

இந்த அரை மணி எங்கிருந்து வருகிறது என்று மையத்தின் மேலாளர் கேட்டார். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்தது; வங்கதேச நேரம் டாக்காவுக்கு அருகே ஓடும் 90 பாகையை வைத்தது. இடைவெளி 7.5 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 30 நிமிடம். வேலூரோ 79 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருப்பதால் சூரியனின் கணக்கில் நாமே இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ 13 நிமிடம் பின்தங்கியவர்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ரயில் வந்தபோது இந்தியாவுக்கென்று பொது நேரம் எதுவும் கிடையாது. பின்னாளில் ரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பொதுவாக எடுத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல்தான் இன்றைய இந்திய நேரம். கல்கத்தா அதற்குப் பிறகும் 1948 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை. அந்தக் காலத்துக் கால அட்டவணைகளில் இது எந்த ஊர் நேரம் என்று அச்சிடுவது வழக்கம். நம் மென்பொருளில் அது இல்லை.

பி.எஸ்.டி.

நிர்வாகம் ஒருமுறை இந்தக் குழப்பத்தை மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லியிருந்தது. அவர்கள் உடனே ஒரு திருத்தம் செய்தார்கள்: நேரத்துக்குப் பின்னால் நேர மண்டலத்தின் சுருக்கெழுத்து. இந்தியாவுக்கு ஐ.எஸ்.டி., வங்கதேசத்துக்கு பி.எஸ்.டி. என்று கையாலேயே ஒரு பட்டியல் எழுதி நிரலில் வைத்துவிட்டார்கள்.

பிரிட்டனில் குடியேறிய வங்கதேசத்தவர்களில் பெரும்பகுதி சில்ஹெட் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். சில்ஹெட்டில் தாய், லண்டனில் மகன், முன்பதிவும் பணமும் மகன் பொறுப்பு. இது இங்கே சாதாரணமாகப் பார்க்கிற குடும்ப அமைப்பு. ஒரு கோடைகால முன்பதிவில் தாயின் வீடியோ ஆலோசனை “11:00 பி.எஸ்.டி.” என்று மகனுக்குப் போனது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நடப்பிலிருக்கும் பிரிட்டிஷ் கோடை நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். மகன் தன் கடிகாரத்தில் பதினொன்று என்று எடுத்துக்கொண்டார். அது வேலூரில் மாலை மூன்றரை. மருத்துவர் பத்தரைக்கே காத்திருந்துவிட்டு, அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஐ.எஸ்.டி. மட்டும் என்ன வாழ்ந்தது? இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன. இந்த மூன்றெழுத்துகளை முறையான குறியீடு என்று நினைப்பது பரவலான நம்பிக்கை. அவை அந்தந்த நாட்டுக்காரர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்த செல்லப்பெயர்கள். எல்லைக்கு வெளியே போகிற கடிதத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

அதே பட்டியலில் வங்கதேசத்துக்கு எதிரே “+6”, அதாவது உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணி முன்னால், என்று நிலையாக ஓர் எண்ணும் எழுதியிருந்தார்கள். 2009 ஜூனில் வங்கதேசம் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவில் பழையபடி திரும்பியது. அந்த ஆறு மாதமும் வேலூருக்கும் டாக்காவுக்கும் இடைவெளி ஒன்றரை மணி. எந்த அரசும் எந்த ஆண்டிலும் இதைச் செய்யலாம். இதற்காகவே உலகம் முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிற நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. அதில் “ஆசியா/டாக்கா”, “ஆசியா/கொல்கத்தா” என்று ஊர்ப் பெயரில் விதிகள் உள்ளன. கையில் எண் எழுதுகிறவர் அந்த உழைப்பையெல்லாம் தூக்கி எறிகிறார்.

மாலை நான்கு மணி

இதற்கு நடுவில் தொடர்பில்லாத இன்னொரு பிழை அகப்பட்டது. முன்பு மையத்தின் ஓர் அறையில் இருந்த சர்வர் இந்திய நேரத்தில் ஓடியது. அதை வாடகை சர்வருக்கு மாற்றியபோது அது உலகப் பொது நேரத்தில், அதாவது யு.டி.சி.யில், ஓடத் தொடங்கியது. எல்லா நேரமும் ஐந்தரை மணி பின்னால் போனதைப் பார்த்து, யாரோ ஒருவர் ஐந்தரை மணியைக் கூட்டும் வரியை நிரலில் சேர்த்தார். முன்பதிவைத் தள்ளிவைக்கும் பகுதியில் அதே வரி இன்னொரு முறையும் சேர்ந்துவிட்டது. காலை 10:30க்குத் தள்ளிவைக்கப்பட்டவருக்கு மாலை 4:00 என்று செய்தி போனது.

வேறு ஏதாவது நேரமாக இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஆனால் மாலை நான்கு மணிக்கு இந்த மையத்தில் மாலை ஓ.பி. தொடங்குகிறது. நான்கு மணிக்கு வந்தவரை யாரும் சந்தேகிக்கவில்லை. மாலைக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். காலை மருத்துவருக்கு “வரவில்லை”, மாலை மருத்துவருக்கு “முன்பதிவின்றி வந்தார்” என்று இரண்டு பொய்ப் பதிவுகள் மட்டும் மிஞ்சின.

மாலை ஓ.பி.யில் இன்னொரு சிறு விசித்திரம். வங்காள மொழியில் வைத்திருக்கும் போனில் இணையதளம் எண்களையும் வங்காள எழுத்தில் காட்டியது. வங்காள 4 பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும். வங்காள 7, நம் 9 போல இருக்கும். மாலை 4:30க்கு வந்தவரின் போனை வாங்கிப் பார்த்த புதிய ஊழியர், “உங்களுக்கு எட்டரைக்குத்தான், போய்விட்டு வாருங்கள்” என்று அனுப்பியிருக்கிறார். நல்லவேளையாக, பக்கத்திலிருந்த அக்கா வங்காளம் பேச மட்டுமன்றிப் படிக்கவும் தெரிந்தவர். ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

பிறந்த தேதியில் போன ஒரு நாள்

நேர மண்டலப் பிழை என்றால் மணிதான் மாறும் என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்த ஆய்வில் மிகவும் விவகாரமானது மணியே இல்லாத ஒரு பெட்டி: பிறந்த தேதி.

மருத்துவ விசாவுக்கு மையம் ஓர் அழைப்புக் கடிதம் தர வேண்டும். அதில் பிறந்த தேதி பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். ஒரு முதியவரின் பாஸ்போர்ட்டில் 1960 ஜனவரி 1; கடிதத்தில் 1959 டிசம்பர் 31. நம் ஊரைப் போலவே அங்கேயும் பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறைக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுகிற வழக்கம் உண்டு. நாள் மட்டும் ஒன்று குறைந்திருந்தால் எழுத்துப்பிழை என்று விட்டிருப்பார்கள். ஆண்டே மாறியதால் கடிதம் திரும்பி வந்தது.

மென்பொருள் பிறந்த தேதியைத் தேதியாகச் சேமிக்காமல், அந்த நாளின் நள்ளிரவு என்ற ஒரு கணமாக எடுத்துக்கொண்டு, அதை யு.டி.சி.க்கு மாற்றிச் சேமித்தது. இந்தியாவில் மார்ச் 15 நள்ளிரவு என்பது யு.டி.சி.யில் மார்ச் 14 மாலை 18:30. இந்தியத் தரவுத்தளம் எதிலாவது காரணமின்றி 18:30 தென்பட்டால், அங்கே ஒரு தேதி நேரமாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சர்வர் யு.டி.சி.யில் நின்று கடிதத்தை அச்சிட்டபோது 14 என்றே போட்டது.

அப்படியானால் ஐந்தரை மணி கூட்டினால் போதுமே என்று நிறுவனத்தினர் சொன்னார்கள். பட்டியலை இறக்கிப் பார்த்தேன். 18:30 நிறைய இருந்தது. கூடவே 18:00, 18:15, 17:30, அபூர்வமாக 17:00 ஆகியவையும் இருந்தன.

18:00 என்பவை வங்கதேசத்திலிருந்து தாங்களே பதிந்தவர்கள். அவற்றோடு ஐந்தரை மணி கூட்டினால் இரவு 23:30. அதாவது இன்னும் முதல் நாள்தான். சர்வர் மாறுவதற்கு முன்பிருந்தே அவர்கள் கடிதங்கள் தவறாக இருந்ததன் காரணம் அதுவே. 18:15 நேபாளம். நேபாளம் 1986இல்தான் ஐந்தே முக்காலுக்கு மாறியது; அதற்கு முன் பிறந்தவர்களின் பதிவுகள் 18:30 என்று நம்மோடு கலந்துவிட்டன.

17:00 என்னைச் சற்று நேரம் சுற்றவிட்டது. எல்லாரும் குழந்தைகளாகப் பதியப்பட்டவர்கள். எல்லாரும் 2009இன் பின்பாதியில் வங்கதேசத்தில் பிறந்தவர்கள். மேலே சொன்ன அந்த ஆறு மாதக் கடிகார மாற்றத்தை உலாவி நினைவில் வைத்திருந்து, அவர்களின் நள்ளிரவை ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறது.

17:30இல் வங்கதேச முதியவர்களோடு குடியாத்தம், ஆற்காடு பக்கத்து முதியவர்களும் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு எப்படி ஒரு மணி குறைந்தது? அவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்தவர்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் பாதி வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. கிழக்கு வங்கத்தில் அந்த ஆறரை மணிக் கணக்கு 1951 வரை நீடித்தது. பொறியாளர்களுக்கு இது புதிய செய்தி. நம் ஊர் ஜோதிடர்களுக்குப் பழைய செய்தி. போர்க்கால ஜாதகம் என்றால் ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் கணிப்பார்கள். நேர மண்டலத் தரவுத்தளத்தின் மீது 2011இல் வழக்குப் போட்டதும் அமெரிக்காவில் உள்ள ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம்தான் என்பது நினைவுக்கு வந்தது. மறு ஆண்டே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடந்த காலத்தின் கடிகாரங்களில் அவ்வளவு அக்கறை உள்ள தொழில் வேறெது?

திருத்தத்துக்கு எந்த நாட்டின் வரலாறும் தேவைப்படவில்லை. சேமித்த நேரம் நண்பகலுக்கு முன் என்றால் அதே நாள். பின் என்றால் அடுத்த நாள். அருகிலுள்ள நள்ளிரவுக்கு நகர்த்தினால் போதும். டாக்கா, காட்மாண்டு, வேலூர் எல்லாம் மாலையில் விழுவதால் அடுத்த நாளுக்குப் போகின்றன. லண்டன் கோடையில் 23:00. அதுவும் அடுத்த நாள். நியூயார்க்கில் இருந்து மகள் பதிந்த தேதி அதிகாலை 5:00 என்று விழும். அது அதே நாளில் நிற்கும். நேர மண்டலம் எது என்று கேட்காமலேயே கணக்கு முடிந்தது.

நிறுவனத்தினர் எடுத்தவுடன் எல்லாவற்றோடும் ஐந்தரை மணியைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியர்களின் தேதி சரியாகி, பிரச்சினை தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டு, கடிதம் உண்மையிலேயே தேவைப்படுகிற வங்கதேசத்தவர்களின் தேதி மட்டும் தவறாகவே நின்றிருக்கும்.

மாற்றியது

“யு.டி.சி.யில் சேமி, பார்ப்பவரின் நேரத்தில் காட்டு” என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற விதி. ஒரு பணப் பரிமாற்றம் எப்போது நடந்தது, ஒரு பரிசோதனை முடிவு எப்போது பதிவேறியது என்பவற்றுக்கு அது சரி. மருத்துவரின் அறையில் நடக்கப்போகிற சந்திப்புக்குச் சரியல்ல. அந்தச் சந்திப்பு வேலூரில் நடக்கிறது. நோயாளி அதை டாக்காவில் இருந்து பார்த்தாலும் துபாயில் இருந்து பார்த்தாலும் அது வேலூர் பத்தரைதான். பார்ப்பவரின் கருவிக்கு அதில் பேச உரிமையில்லை.

ஆகவே நேரில் வருகிற முன்பதிவு எல்லா இடத்திலும் “காலை 10:30, வேலூர் நேரம்” என்றே வருகிறது. கருவியின் நேர மண்டலத்தைப் படிக்கும் நிரலையே அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். வீடியோ ஆலோசனையில் இரண்டு வரிகள்: “வேலூர் காலை 10:30”, “டாக்கா காலை 11:00”. இரண்டாவது ஊரைக் கருவியிடமிருந்து யூகிக்காமல் முன்பதிவின்போதே கேட்கிறோம், “நோயாளி எந்த ஊரிலிருந்து பேசுவார்?” என்று. லண்டன் மகன் பதிந்தாலும் சில்ஹெட் என்று தேர்ந்தெடுப்பார். அந்தச் செய்தியை அப்படியே தாய்க்கு அனுப்பினாலும் பொருள் மாறாது. சுருக்கெழுத்துகள் மொத்தமும் போயின. வங்காளப் பக்கத்தில் எண்கள் வங்காளத்தில் இருக்க, கீழே சிறிதாக நம் எண்களிலும் வருகின்றன. ஊழியர் படிப்பது கீழ் வரியை.

வீடியோ பக்கத்தில் “இன்னும் 40 நிமிடம்” என்று ஓடுகிற ஓர் எண்ணிக்கையும் சேர்த்தோம். சர்வரின் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் எந்த ஊர்க் கடிகாரமும் அதைக் கெடுக்க முடியாது. நோயாளிகள் அதிகம் விரும்பியது இதைத்தான் என்று வரவேற்பு மேசையில் சொன்னார்கள்.

சர்வர் யு.டி.சி.யிலேயே இருக்கிறது, கூட்டல் வரிகள் இரண்டும் அகற்றப்பட்டன. அன்றாடப் பட்டியல்கள் மட்டும் கொல்கத்தா மண்டலத்தின் பெயரில் ஓடுகின்றன. அதற்கு முன் ‘இன்றைய பட்டியல்’ யு.டி.சி. நள்ளிரவில், அதாவது நம் காலை ஐந்தரைக்குப் புரண்டது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஐந்து மணிக்கே வரிசையில் நிற்கிறவர்களின் மாதிரி முதல் நாள் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. ஆய்வகத்தினர் அதைக் கைக்குறிப்பால் சமாளித்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

சோதனைக்கு இனி யாரும் டாக்கா போக வேண்டாம். ஒரு பழைய போனை டாக்கா நேரத்திலும் இன்னொன்றை நியூயார்க் நேரத்திலும் நிரந்தரமாக வைத்துவிட்டோம். புதிய பதிப்பு வந்தால் முதலில் அவற்றில் பார்க்கிறார்கள்.

மீதம்

கையால் திருத்தியவைதான் இன்னும் முடியவில்லை. முன்பதிவு நேரங்களில் அரை மணி குறைத்துப் பதிந்தவை நாள் கடந்ததும் தாமாகவே செத்துவிட்டன. பிறந்த தேதிகள் அப்படி இல்லை. கடிதத்தில் ஒரு நாள் குறைவதைக் கண்டுகொண்ட சில ஊழியர்கள், சரியாக அச்சாகட்டும் என்று ஒரு நாள் கூட்டிப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பதிவும் 18:30 என்றே இருப்பதால் கணக்கால் பிரிக்க முடியாது. அருகிலுள்ள நள்ளிரவு விதி அவற்றை ஒரு நாள் தள்ளிவிடும். சர்வர் மாறிய பிறகு வரவேற்பு மேசையில் பதிந்த எல்லாவற்றையும் பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். நோயாளி அடுத்த முறை வரும்போது அக்கா அட்டையை வாங்கிப் பார்த்துத் திருத்துகிறார். அதுவரை அந்தப் பதிவுகளிலிருந்து அழைப்புக் கடிதம் தானாக அச்சாகாது. பொறுப்பாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போகிறது.